அம்மாவோடு மாராவுக்கு

நான்: தம்பி, டிக்கெட் போட்டாச்சு. செப்டம்பர் 27 கிளம்பி அக்டோபர் 5 திரும்புகிறோம். பாப்பாவுக்குக் காலாண்டு லீவு. கென்யாவின் மசாய் மாரா காட்டில் மூன்று ராத்திரி தங்கல் என்று சொன்னாயே, அதற்கு என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ஒரு தடவை சொல். அம்மா இப்போதே முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுத்துவிட்டாள்.

தம்பி நைரோபி: ரொம்ப சந்தோஷம் அக்கா. முறுக்குக்கு அப்புறம் வருகிறேன், முதலில் ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இந்தியாவிலிருந்து நேராக வருகிறவர்களிடம் கென்யா இதைக் கேட்பதில்லை. திரும்பிப் போகும்போது நம்ம ஊர் விமான நிலையத்தில்தான் கேட்பார்கள். ஊசி போட்டதற்குத் தருகிற மஞ்சள் அட்டை இல்லையென்றால் 6 நாள் வரை தனியாக வைக்கலாம் என்பது விதி. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

பெரியவன்: மாமா, பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கொள்ளலாமா?

தம்பி நைரோபி: முடியாதுடா மாப்ளே. அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான் அட்டை கிடைக்கும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். நாள் நேரமெல்லாம் பதிவு செய்துகொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். பாஸ்போர்ட்டை மறக்க வேண்டாம், அதன் எண்ணை அட்டையில் எழுதுவார்கள்.

தம்பி நைரோபி: அக்கா, அம்மாவுக்கு மட்டும் அவசரப்பட்டுப் போட்டுவிடாதே. 60 வயதுக்கு மேல் முதல் தடவையாக இந்த ஊசி போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அம்மாவுக்கு 68. வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் காட்டு. முட்டை ஒவ்வாமை உண்டா என்றும் கேட்பார். வேண்டாம் என்று அவர் சொன்னால், திரும்பும்போது அந்த 6 நாளையும் கணக்கில் வைத்து நாம் முடிவு செய்யலாம். மலேரியா மாத்திரை பற்றியும் அவரிடமே கேட்டுவிடு. மாராவில் மலேரியா உண்டு. பயணத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை அது.

நான்: நாளைக்கே கூட்டிப் போகிறேன்.

பாப்பா அப்பா: மாப்பிள்ளை, காட்டுக்குள் நுழைய ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர் என்று போட்டிருக்கிறதே, சரிதானா?

தம்பி நைரோபி: சரிதான் அத்தான். வெளிநாட்டவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை 200, ஜனவரி முதல் ஜூன் வரை 100. பாப்பாவுக்கு 50தான். மே மாதம் பாதி விலையில் வரலாம், ஆனால் அப்போது மழைக்காலம், சேற்றில் வண்டி சிக்கும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரைதான் தான்சானியாவின் செரெங்கெட்டிக் காட்டிலிருந்து வில்டபீஸ்ட் என்கிற பெரிய மான் கூட்டம் மாரா பக்கம் இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தச் சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரைதான். கிளம்புகிற நாளில் 10 மணிக்குள் வெளியே போய்விட வேண்டும், தாண்டினால் இன்னொரு நாள் கட்டணம். கடைசி நாள் காலையில் யாரும் தூங்கிவிடாதீர்கள்.

பாப்பா அப்பா: நைரோபியிலிருந்து வண்டியா, விமானமா?

தம்பி நைரோபி: ரோட்டில் 5, 6 மணி நேரம். நாரோக் வழியாகப் போகும்போது பிளவுப் பள்ளத்தாக்கு முழுதும் கீழே தெரியும், அது ஒரு தனி அழகு. ஆனால் காட்டுக்குள் நுழைந்த பிறகு மண் பாதை, இடுப்பு கழன்றுவிடும். அம்மாவின் முதுகை நினைத்து வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் போட்டிருக்கிறேன். முக்கால் மணி நேரம்தான். அதில் ஆளுக்கு 15 கிலோ, கைப்பையும் சேர்த்து. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஏறாது, துணிப்பைதான் வேண்டும். பெரிய பெட்டிகளை என் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

அம்மா: முறுக்கு எத்தனை கிலோ கொண்டு வரலாம் என்று கேள். கவரில் போட்டு இறுக்கிக் கட்டினால் நமுத்துப்போகாது.

தம்பி நைரோபி: அம்மா, கவர் வேண்டாம். 2017லிருந்து இங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2020லிருந்து காட்டுக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், ஸ்ட்ரா கூடக் கூடாது. எவர்சில்வர் டப்பாவில் போட்டு மஞ்சப்பையில் வை. எல்லோருக்கும் ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் போதும், லாட்ஜில் நிரப்பித் தருவார்கள்.

தம்பி நைரோபி: அப்புறம், அந்த டப்பாவை நம் அறையில் வைக்கக் கூடாது. அறை என்றால் கூடாரம்தான். கட்டில், குளியலறை, வெந்நீர் எல்லாம் உண்டு, ஆனால் சுவர் துணி, கதவு ஜிப். போன தடவை நான் அத்திப்பழப் பொட்டலம் ஒன்றை மேசையில் விட்டுவிட்டுக் காலைச் சுற்றுக்குப் போனேன். கொக்கி மாட்டவில்லை. திரும்பி வந்தால் ஜிப் முழங்கால் உயரத்துக்குத் திறந்திருக்கிறது, பவுடர் டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் வெள்ளை, அதில் சின்னச் சின்னக் கைத்தடம். பொட்டலத்தைக் காணோம். எதிர் மரத்தில் குரங்கு ஒன்று உட்கார்ந்து விரலை ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டிருந்தது. வெறும் குரங்கோடு போயிற்று. வாசனை பிடித்துப் பபூன் என்கிற பெரிய குரங்கு வந்தால் ஆளுக்கே ஆபத்து. தின்பண்டம் எதுவானாலும் லாட்ஜ் சமையலறையில் கொடுத்து வைத்துவிட வேண்டும். ஜிப் போட்டதும் கொக்கியும் மாட்ட வேண்டும், பாப்பா, இது உன் பொறுப்பு.

பாப்பா: சரி மாமா. வேலி இருக்காதா?

தம்பி நைரோபி: நாம் தங்குகிற இடத்தில் இல்லை பாப்பா. தாலெக் ஆற்றங்கரை அது. பகலெல்லாம் நீர்யானை ஆற்றில் கிடக்கும், இருட்டியதும் புல் மேயக் கரையேறும். முதல் ராத்திரி நான் தூங்கவே இல்லை. தலைமாட்டுக்குப் பக்கத்தில், துணிக்கு அந்தப் புறம், சரக் சரக்கென்று புல்லைப் பிடுங்குகிற சத்தம். நம்ம தொழுவத்தில் மாடு வைக்கோல் இழுக்குமே, அதே மாதிரி, ஆனால் மூச்சு மட்டும் நாலு மாட்டின் மூச்சு. விடிந்து பார்த்தால் படிக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் நாலு விரல் தடம், சாப்பாட்டுத் தட்டு அகலம்.

அம்மா: முருகா! நான் ராத்திரி இரண்டு தடவை எழுந்திருப்பேனே.

தம்பி நைரோபி: பயப்படாதே அம்மா. குளியலறை கூடாரத்துக்குள்ளேயே இருக்கிறது, வெளியே போக வேண்டியதில்லை. சாப்பிடப் போக வேண்டுமானால் வாசலில் நின்று டார்ச்சை அடித்தால் போதும், காவலாள் வருவார். ஆஸ்காரி என்பார்கள். பெரும்பாலும் இந்தப் பகுதிப் பழங்குடியான மசாய்க்காரர்கள். எந்த மிருகம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று இருட்டிலேயே தெரிந்துவிடும் அவர்களுக்கு. அவர் நில் என்றால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மாப்ளே, உனக்குத்தான் சொல்கிறேன். இருபது அடி தூரம்தானே என்று தனியாக நடந்துவிடாதே.

பெரியவன்: நடக்க மாட்டேன் மாமா.

தம்பி நைரோபி: குளிரையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கா என்றதும் வெயில் என்று நினைத்து மெல்லிய துணியாக எடுத்து வைக்காதீர்கள். மாரா கடல் மட்டத்துக்கு மேல் 1500 மீட்டருக்குக் குறையாத இடம். காலை ஆறரைக்குத் திறந்த வண்டியில் காற்று முகத்தில் அடிக்கும்போது கொடைக்கானல் மாதிரி இருக்கும், பத்து மணிக்கு வெயில் சுடும். ஸ்வெட்டர், மப்ளர், தொப்பி. அம்மாவுக்குப் புடவையே போதும், ஆனால் செருப்பு வேண்டாம், காலுறையும் ஷூவும். கருநீலம், கறுப்பு நிறத்துக்குத் தெட்சீ என்கிற கடிக்கிற ஈ வரும், அதைத் தவிர்த்துவிடுங்கள். இன்னொன்று, ராத்திரி படுக்கைக்குள் வெந்நீர்ப் பை வைப்பார்கள். போர்வைக்குள் கால் நீட்டினால் சூடாக, மெத்தென்று ஒன்று இருக்கும். அம்மா பதறிவிடக் கூடாது, அதற்காகத்தான் இப்போதே சொல்கிறேன்.

பாப்பா அப்பா: என் இன்சுலின்?

தம்பி நைரோபி: கைப்பையிலேயே வையுங்கள் அத்தான், டாக்டர் சீட்டோடு. விமானத்தின் அடியில் போகிற பெட்டியில் போட்டால் உறைந்துவிடலாம். லாட்ஜில் ஃபிரிட்ஜில் வைத்துத் தருவார்கள், கேட்டுவிட்டேன். காலைச் சுற்று முடிந்துதான் பலகாரம், ஒன்பது பத்து மணி ஆகிவிடும். அதற்கு முன் டீயும் பிஸ்கட்டும்தான். உங்களுக்கு மட்டும் காலைச் சாப்பாட்டைக் கட்டித் தரச் சொல்லியிருக்கிறேன், வண்டியிலேயே சாப்பிட்டுவிடலாம். வண்டியில் அம்மாவுக்கு முன் இருக்கை, பின்னால்தான் தூக்கிப் போடும். ஏறுவதற்கு ஒரு ஸ்டூலும் கேட்டிருக்கிறேன். பாத்ரூம் போக வேண்டுமென்றால் அடக்கிக்கொண்டு இருக்காமல் முன்னாலேயே டிரைவரிடம் சொல்லிவிட வேண்டும். பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்த அவருக்கு நேரம் வேண்டும், நினைத்த இடத்தில் இறங்க முடியாது.

அம்மா: புரட்டாசி மாசமாச்சே, நான் கவிச்சி தொட மாட்டேன். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

தம்பி நைரோபி: கவலையே வேண்டாம். குஜராத்திக்காரர்கள் பல தலைமுறையாக இங்கே இருக்கிறார்கள், சைவம் என்றால் சமையல்காரருக்கு உடனே புரியும். சப்பாத்தி இங்கே தினசரிச் சாப்பாடு, பெயரே சப்பாத்திதான். பச்சைப்பயறுக் குழம்பு ஒன்று வைப்பார்கள், ந்தெங்கு என்பார்கள், நம்ம வீட்டுக் கைப்பக்குவம் மாதிரியே இருக்கும். சுகுமா என்று கீரைப் பொரியல். ஊறுகாய் மட்டும் கொண்டு வா.

பாப்பா: மாமா, டிரைவரிடம் கொஞ்சம் கூடப் பணம் கொடுத்தால் சிங்கம், சிவிங்கிப்புலி பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்துவாராமே? ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

தம்பி நைரோபி: பாப்பா, மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சிவிங்கிப்புலியைப் பார்த்தேன். கூட இரண்டு குட்டி. எதிரே ஒரு மான் தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. தாய் புல்லோடு புல்லாகப் படுத்து, ஒரு அடி வைக்கும், நிற்கும், இன்னொரு அடி வைக்கும். காது மட்டும்தான் தெரிந்தது. எங்கள் வண்டி ஒன்றுதான் இருந்தது. ரேடியோவில் செய்தி போய்ப் பத்து நிமிஷத்தில் பதினோரு வண்டி. ஒருவர் மானுக்கும் தாய்க்கும் நடுவிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். மான் தலையைத் தூக்கிப் பார்த்து ஓடிவிட்டது. தாய் எழுந்து உட்கார்ந்தது, கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தது, எதிர்ப்பக்கம் நடந்துவிட்டது. பின்னாலேயே குட்டிகள், வயிறு ஒட்டிப்போய்.

தம்பி நைரோபி: மாராவிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள், 2018ல் வெளிவந்தது. வண்டி குறைவாக வருகிற இடத்தில் ஒரு ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டி வளர்ந்து ஆளாகிறது. வண்டி மொய்க்கிற இடத்தில் 0.2. 25 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும், ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் கூடாது என்று விதி இருக்கிறது. டிப்ஸ் குறைந்துவிடுமோ என்று பயந்துதான் பல டிரைவர்கள் மீறுகிறார்கள். அதனால் முதல் நாளே நம் டிரைவரிடம் நான் சொல்லிவிடுவேன், கிட்டப் போக வேண்டாம், கூட்டம் சேர்ந்தால் நாம் விலகிவிடலாம், டிப்ஸ் குறையாது என்று. நீங்களும் அவரை அவசரப்படுத்தக் கூடாது. ஆளுக்கு ஒரு பைனாகுலர் நான் வாங்கி வைக்கிறேன், போனைவிட அதில்தான் நன்றாகத் தெரியும்.

பாப்பா: சரி மாமா. நான் அந்த வீடியோவை அழித்துவிட்டேன்.

நான்: தம்பி, டாக்டரிடம் போய் வந்தாச்சு. அம்மாவின் ரிப்போர்ட் எல்லாம் பார்த்தார். ஊசி போடலாம், போட்ட பிறகு பத்து நாள் வீட்டிலேயே கவனமாக இருங்கள், காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள் என்றார். 19ஆம் தேதிக்கு ஐந்து பேருக்கும் கிண்டியில் பதிவு செய்துவிட்டேன்.

தம்பி நைரோபி: அப்பாடா. இனி நிம்மதியாக இருப்பேன். இணையத்தில் கென்யா நுழைவு அனுமதியும் பதிய வேண்டும், பாஸ்போர்ட் முதல் பக்கத்தை எல்லோரும் எனக்கு அனுப்புங்கள். இன்றைக்கே போட்டுவிடுகிறேன்.

அம்மா: அந்த ராத்திரிக் காவல்காரப் பிள்ளைகளுக்கு முறுக்கு கொடுக்கலாமா?

தம்பி நைரோபி: தாராளமாகக் கொடுக்கலாம் அம்மா. சாப்பாட்டு அறையில் வைத்துக் கொடு, வாசலில் வேண்டாம். நாலு பேர் முறை வைத்து வருவார்கள்.

அம்மா: அப்படியானால் இன்னொரு படி மாவு அரைக்க வேண்டும்.