பழைய மெக்சிகோ வெள்ளி: வாங்கியவர்களும் விற்றவர்களும் சொன்னவை

பாசடீனாவாசி:
இங்கே பாசடீனாவின் ரோஸ் பவுல் பழம்பொருள் சந்தையில் போன கோடையில் நடந்தது. ஒரு பெரியவர் மேசையில் அமெதிஸ்ட் என்ற ஊதாக்கல் பதித்த கனமான காப்பு. "டாஸ்கோ சாமான், நாற்பதுகளில் செய்தது, போர்க்காலத்து வேலை" என்றார். டாஸ்கோ என்றால் மெக்சிகோவின் வெள்ளி நகை ஊர். விலையும் அந்தக் கதைக்கு ஏற்றாற்போல இருந்தது. திருப்பிப் பார்த்தேன். 925 (ஆயிரத்தில் அத்தனை பங்கு வெள்ளி), பக்கத்திலேயே T-யில் தொடங்கும் இரண்டு எழுத்து, ஒரு கோடு, ஒரு எண். இந்த முறை வந்ததே 1980-ஐ ஒட்டித்தான். முதல் எழுத்து ஊர், இரண்டாவது பட்டறைக்காரர் பெயரின் முதலெழுத்து, எண் பதிவு வரிசை. சொன்னேன். அவர் சண்டைக்கு வரவில்லை. என் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு விற்றவனும் இதே கதையைத்தான் விட்டான்" என்று சிரித்தார். பேரம் அங்கேயே படிந்தது. வேலைப்பாடு நன்றாகத்தான் இருந்தது, வயதுதான் பொய். 'எண்பதுகள்' என்று உள்ளபடி எழுதியே விற்றேன், உடனே போய்விட்டது.

அதற்கு முந்தைய முப்பது வருஷச் சாமான்களில் மெக்சிகோ அரசின் கழுகு முத்திரை இருக்கும். கழுகுக்குள் 3 என்று பார்த்ததும் பெரிய கை என்று துள்ள வேண்டாம். டாஸ்கோவின் எத்தனையோ பட்டறைகள் அதே 3-ஐப் போட்டிருக்கின்றன. காலத்தைத்தான் அது காட்டும், செய்தவரைக் காட்டாது.

தட்டார்வீட்டுப்பிள்ளை:
நம்மவர்களிடம் இந்த நகையை நீட்டினால் முதல் கேள்வி, "எத்தனை கிராம்?" எங்கள் அப்பாவும் அதைத்தான் கேட்டார். வெள்ளி வேலையிலேயே காலம் தள்ளியவர், கேட்கத்தானே செய்வார்! எடைக்குப் போட்டால் வருவதைப் போலப் பல மடங்கு விலை என்றதும், "அப்ப செய்கூலிக்குத்தான் காசா?" என்றார். ஆமாம், இங்கே முழுக்கச் செய்கூலிதான்.

டாஸ்கோவுக்குப் போயிருந்தபோது, சனிக்கிழமை வெள்ளிச் சந்தைக் கூட்டத்துக்குத் தப்பி ஒரு மேட்டுச் சந்தில் ஏறினேன். ஒரு வயதான தட்டாரின் பட்டறை. டாஸ்கோவின் பெயர்பெற்ற தட்டார் ஆன்டோனியோ பினேடாவின் காதணி ஒன்று கையில் இருந்தது, கொடுத்தேன். முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. கிரீட முத்திரையையும் 970 என்ற எண்ணையும் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பற்றவைத்த ஓரத்தை நகத்தால் தடவிக்கொண்டே போனார். உள்ளே கூடு, வெளியே இரண்டு தகடு. சேர்த்த இடம் நகத்துக்கு அகப்படவில்லை. "முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்தலாம், இதைச் செய்ய ஆள் வேண்டும்" என்றார். என் அரைகுறை ஸ்பானிஷுக்கு அவ்வளவு புரிந்தது.

டாஸ்கோவில் வெள்ளிச் சுரங்கம் பழையதுதான், நகைத்தொழில் அப்படியல்ல. நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை கற்பித்துக்கொண்டிருந்த வில்லியம் ஸ்ப்ராட்லிங் அங்கே குடியேறி, பக்கத்து ஊரான இகுவாலாவிலிருந்து பொற்கொல்லர்களை வரவழைத்து, 1931-இல் பட்டறை போட்டார். எக்டர் ஆகிலார், காஸ்டிலோ சகோதரர்கள், பினேடா எல்லாரும் அங்கே கை பழகிவிட்டுத் தனிக்கடை வைத்தவர்கள். இரண்டாம் உலகப் போரால் ஐரோப்பியச் சரக்கு நின்றதும் அமெரிக்கக் கடைகள் டாஸ்கோ பக்கம் திரும்பின. பட்டறையில் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்தார்கள். போர் முடிகிற நேரத்தில் ஸ்ப்ராட்லிங்கின் கம்பெனியும் நொடித்தது. எனக்கு ஆகிலாரின் கனத்த, அலங்காரம் குறைந்த காப்புகள்தான் பிடிக்கும். அவருடையதில் 940, 990 என்றெல்லாம் எண் இருக்கும். 925 இல்லையே, போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சாண்டியாகோ அக்கா:
ஒரு அம்மா பாட்டியின் புறா ப்ரூச்சை (உடையில் குத்தும் ஊசி நகை) விற்க வந்தார். மெக்சிகோ நகரத்து மாட்டில்டே பூலாட்டின் வேலை. 'மாட்ல்' என்று முத்திரை, டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல்லும் பவழமும் பதித்தது. அவருக்குப் பின் அண்ணன் மகனோ தங்கை மகனோ, ரிக்கார்டோ சாலஸ் தொடர்ந்து செய்தார். அதில் 'மாட்ல் சாலஸ்' என்றிருக்கும், விலையும் வேறு. இது மாட்டில்டேயுடையதேதான், எனக்குக் கை பரபரத்தது. ஆனால் கடையில் காட்டப்போகிறோமே என்று, முந்தின இரவு அந்த அம்மா அதை வெள்ளி கழுவும் திரவத்தில் முக்கி எடுத்திருந்தார். பள்ளங்களில் வேண்டுமென்றே ஏற்றியிருந்த கறுப்பு போய், புறாவின் சிறகுகூடத் தெரியாமல் வெளுத்திருந்தது. டர்க்காய்ஸ் சுண்ணாம்பு மாதிரி ஆகியிருந்தது. கறுப்பைத் திரும்ப ஏற்றலாம், கல்லை என்ன செய்ய? விலையைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். விற்க மனமில்லை, என்னிடமே இருக்கிறது. அழுக்கோடு கொண்டுவாருங்கள் என்று இப்போது கடை வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. மார்கோ தே டாஸ்கோ என்ற பட்டறைக்கார அம்மாவின் எனாமல் (நிறக்கண்ணாடிப் பூச்சு) நகை வாங்குகிறவர்கள் டார்ச்சு இல்லாமல் போகாதீர்கள். வீடு காலிசெய்து விற்கும் ஒரு இடத்தில் பச்சைப் பாம்புக் காப்பு கிடைத்தது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் இரண்டு செதிலில் மட்டும் நிறத்துக்கு ஆழமே இல்லை. எனாமல் தெறித்த இடத்தில் நகப்பாலிஷ்! விற்றவருக்கே அது தெரியாது போல.

புதுசுதான்நான்:
என்னிடம் உள்ள நகையில் 'அல்பாகா மெக்சிகோ' என்று குத்தியிருக்கிறது. காந்தம் ஒட்டவில்லை. வெள்ளிதானே?

சாண்டியாகோ அக்கா:
இல்லை தம்பி. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த உலோகம் அது. காந்தம் அதிலும் ஒட்டாது. சில அல்பாகா சாமான்கள் அழகுதான், ஆனால் வெள்ளி விலை கொடுக்காதே.

புதுசுதான்நான்:
சரி அக்கா. இன்னொன்றும் இருக்கிறது. ஸ்ப்ராட்லிங் பெயர், 980 என்ற எண், சிறுத்தை ப்ரூச். விற்பவர் 1940 என்கிறார்.

தட்டார்வீட்டுப்பிள்ளை:
முத்திரையை மட்டும் படமெடுத்துப் போட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்ப்ராட்லிங் 1967-இல் கார் விபத்தில் இறந்த பிறகும் அவர் வடிவங்களை அவர் பெயரிலேயே முறைப்படி செய்து வந்தார்கள். அவை போலி அல்ல, ஆனால் 1940-உம் அல்ல. போலியும் தனியாக உலவுகிறது. ஊசியின் கீல், கொக்கி, தகட்டின் ஓரம் மூன்றையும் கிட்டத்தில் எடுத்துப் போடு. அதுவரை முன்பணம் கொடுக்காதே.