படத்துக்குக் கீழே எந்த ஆண்டைப் போடுவது?

உவர்மலையான்:
திருகோணமலை உள்துறைமுகப் பக்கத்துத் தூண் விறாந்தை வீட்டுப் படத்துக்குக் கீழே நான் எழுதியது இது: “1700. மழைக்காலம் முடியட்டும் என்று ஒரு ஒல்லாந்தக் கப்டன் இந்த விறாந்தையில் சாய்ந்து கிடந்தான்.” பொய் என்று ஒருவர் திட்டியிருக்கிறார். கதையில்லாத பழைய சுவர் காணிக் கந்தோருக்குக் கொடுக்கிற படம்தானே?

சல்லிக்கரை:
திட்டினது நான்தான் அண்ணை. படத்தைப் பெருப்பித்துக் கூரையைப் பாருங்கோ. தட்டை ஓடு, விளிம்பில் பள்ளம், ஒன்றோடு ஒன்று கொழுவி நிற்குது. அச்சில் அடித்த மங்களூர் ஓடு. பாசல் மிஷன் என்ற பாதிரிமார் சங்கம் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினது 1865இல். உங்கட கப்டன் 165 வருசம் கழித்து வரப்போகிற ஓட்டுக்குக் கீழே படுத்திருக்கிறார்.

உவர்மலையான்:
ஓடு மாற்றாத வீடு எங்கே இருக்கு? முதலில் பீலி ஓடு, அந்த அரைவட்டப் பழைய ஓடு, போட்டிருப்பான். சுவர் பழசாக இருக்கலாமே.

சல்லிக்கரை:
இருக்கலாம். அப்ப சுவரைக் கிட்டப் போய் எடுங்கோ. பூச்சு உதிர்ந்த இடத்தில் சாந்து வெள்ளையாக, நகம் பட்டால் மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. சுட்டும் வேகாத முருகைக்கல் துண்டு உள்ளே தெரியும். சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தால் சீமெந்து. போர்ட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824இல். ஆனால் சுண்ணாம்பு கண்டவுடன் ஒல்லாந்தர் என்று துள்ளவும் வேண்டாம், போன நூற்றாண்டிலும் கிழக்குக் கரையில் முருகைக்கல் சூளை எரிந்தது. விறாந்தை உத்தரம் இரும்பென்றால் அதன் பக்கவாட்டில் புடைத்த எழுத்தைத் தேடுங்கோ. ‘டோர்மன் லோங்’ என்ற இங்கிலாந்து உருக்குக் கம்பனிப் பெயர் இருந்தால் 1875க்குப் பிந்தியது.

மடத்தடியார்:
இரண்டு பேரும் ஒரு வீட்டுக்கு ஒரு ஆண்டு என்று நிற்கிறீர்கள். எங்கட பிரெட்றிக் கோட்டையைப் பாருங்கோ. பறங்கியர், அதாவது போர்த்துக்கீசர், கட்டியது 1624, வாயிலில் பொறித்திருப்பது 1675, அந்தப் பெயர் வந்தது 1803. எதைப் போடுவீர்கள்? அந்த வாயில் கல்லில் இரட்டைக் கயலும், பாதி உடைந்த தமிழ்க் கல்வெட்டும் இருக்கு. கோணேசர் கோயிலைக் கட்டினதாகச் சொல்கிற குளக்கோட்டன் என்ற அரசனின் திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்கிற பாட்டாக அதை வாசிக்கிறோமே, உடைந்த எழுத்தை நிரப்புவது வழக்கில் இருக்கிற பாட்டுத்தான். கல்வெட்டுப் படிப்பவர் அப்படி ஊகித்து நிரப்பியதை அடைப்புக்குறிக்குள் போடுவார். கப்டனையும் அதற்குள் போடுங்கோ, சண்டை முடிஞ்சுது.

உவர்மலையான்:
கோட்டைப் பக்கத்துக் கடற்பாறையான சுவாமிமலையில் நிற்கிற தூணுக்கு யார் அடைப்புக்குறி போட்டது? பிரான்சினா என்ற ஒல்லாந்தப் பெண் காதலன் கப்பலேறிப் போனதால் குதித்தாள் என்றுதான் வருகிறவர் எல்லாருக்கும் சொல்கிறார்கள்.

சல்லிக்கரை:
அதுதான் என் கட்சிக்குச் சாட்சி! தூணில் 1687. அதற்குப் பிறகும் அவ கலியாணம் கட்டினதாக ஒல்லாந்தர் பதிவு சொல்லுது. குதித்தவ எப்படி மாலை மாற்றுவா?

உவர்மலையான்:
நீங்கள் மட்டும் பொய் சொல்லவில்லையா? போன கிழமை நீங்கள் போட்ட மணிக்கூட்டுக் கோபுரம் நூல் பிடித்த மாதிரி நிமிர்ந்து நிற்குது. கணினியில் இழுத்ததுதானே?

சல்லிக்கரை:
இழுத்ததுதான். கமராவை அண்ணாந்து பிடித்தால் நேர்க்கோடுகள் மேலே போய்க் குவியும். நீர்மட்டம் பார்த்துக் கமராவை நேராக வைத்து, தூரப் போய் எடுத்தால் குவியாது. ஒழுங்கையில் பின்னால் போக இடமில்லாவிட்டால்தான் திருத்துவது. அதற்குச் சுற்றிவர ஐந்திலொரு பங்கு இடம் விட்டு எடுக்கவேணும், இல்லாவிட்டால் கூரை வெட்டுப்படும்.

மடத்தடியார்:
அங்கேதான் பிழையும் வரும். சுவர் உண்மையிலேயே சரிந்திருந்தால் மென்பொருள் அதையும் நிமிர்த்திவிடும். விறாந்தை வளையிலிருந்து ஒரு நூலில் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, காற்று அடங்கினபிறகு அதோடு சேர்த்து ஒரு படம் எடுங்கோ. திருத்தும்போது நூலை நேராக்கவேணும், சுவரை இல்லை. நூல் நேராகியும் சுவர் விலகி நின்றால் அது அத்திவாரம் இறங்கின கதை. கற்பனை தேவையில்லை.

உவர்மலையான்:
அது நல்ல யோசனை. கோட்டை வாயில் கயலை எடுத்தால் தட்டையாக, கறுப்புத் திட்டாக வருது. என்ன செய்யலாம்?

மடத்தடியார்:
பிளாஷை முன்னால் அடித்தால் அப்படித்தான். கமராவை முக்காலியில் கல்லுக்கு நேரே வையுங்கோ. டோர்ச்சைச் சுவரோடு ஒட்டினமாதிரி, 10, 15 பாகை சரிவில் பிடித்து இடம், வலம், மேல், கீழ் என்று நாலு படம். ஒரு வெளிச்சத்தில் மறைகிற கோடு அடுத்ததில் தெரியும். எழுத்துக்குள் சோக்குப் பூசாதீர்கள், கல் கெட்டுப்போகும். முழு வாயிலையும் எடுக்கப் பின்னேரம் போங்கோ; காலையில் சூரியன் கடற்பக்கமிருந்து முகத்தில் அடிக்கும். கோட்டைக்கு உள்ளே ராணுவ முகாம், காவலில் நிற்பவரைக் கேட்டபிறகு முக்காலியை விரியுங்கோ.

உவர்மலையான்:
சரி, ஆண்டை அழிக்கிறேன். கப்டன் போகமாட்டார்.

சல்லிக்கரை:
இருக்கட்டும். ஆனால் அந்த ஓட்டுக்குக் கீழே இருப்பதென்றால் அவர் இங்கிலீசு பேசவேணும்.