பரப்புப்படம், உரி, டெக்ஸ்சர்: ஒரு மடலிழை

பொருள்: ‘டெக்ஸ்சர் ரிசோர்ஸ் டைப்’ தமிழில்? திங்கட்கிழமைக்குள் வேண்டும்

தங்கச்சிமடத்திலிருந்து

கலைச்சொல் மடற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மீன்பிடித் தடைக்காலமும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வருவதால், ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு நடத்துகிறோம். த சிம்ஸ் 4 என்ற கணினி விளையாட்டுக்குத் தாங்களே பொருள்கள் செய்து சேர்க்க வேண்டும் என்று இந்த ஆண்டு அவர்களே கேட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டுப் பனையோலைப் பாயைப் படம் எடுத்து வந்திருக்கிறாள். விளையாட்டில் இருக்கும் தரைவிரிப்பு ஒன்றை அந்தப் பாயாக மாற்ற வேண்டுமாம். சிம்ஸ் 4 ஸ்டுடியோ என்ற கருவியில் விரிப்பைத் திறந்து, படத்தை வெளியே எடுத்து, ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் திருத்தி, மறுபடி உள்ளே வைத்து, கோப்பை விளையாட்டின் மாட்ஸ் கோப்புறையில் போடுவதுவரை செய்முறையை எழுதி முடித்துவிட்டேன்.

நிற்பது ஒரே சொல்லில். விளையாட்டின் கோப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு கூறுக்கும் (ரிசோர்ஸ்) மூன்று எண்கள் உண்டு: டைப், குரூப், இன்ஸ்டன்ஸ். பொருள்களின் மேல் போர்த்தும் படங்களுக்கு (டெக்ஸ்சர்) மட்டும் டி.எஸ்.டி., ஆர்.எல்.இ.2, ஆர்.எல்.இ.எஸ்., எல்.ஆர்.எல்.இ. என்று பல டைப்புகள். இவற்றையெல்லாம் சேர்த்து ‘டெக்ஸ்சர் ரிசோர்ஸ் டைப்’ என்கிறார்கள். கலைச்சொல் பட்டியல்களைப் பார்த்து ‘இழைநய வள வகைகள்’ என்று எழுதினேன். ‘வளம்’ என்றதும் பிள்ளைகள் மீன்வளம், கடல்வளம் என்று எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கரையில் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? கையேடு திங்கள் காலை நகல் எடுக்கப் போக வேண்டும். உதவுங்கள்.

இராமநாதபுரத்திலிருந்து

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். சொல்லைத் தேடி வெளியே அலைய வேண்டாம். ‘உரி’ இருக்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்கு ‘அரவுரி அன்ன அறுவை’ கொடுக்கிறான். பாம்பு கழற்றிய தோலைப் போல மெல்லிய ஆடை. நூலோடிய வழி கண்ணுக்குத் தெரியாத நுண்மை, அதன் மேல் பூவேலை. வனவாசம் போன இராமன் உடுத்தது மரவுரி. பாம்பானால் அரவுரி, மரமானால் மரவுரி, விளையாட்டுப் பொருளானால் வெறும் உரி. ஓர் உருவின் மேல் கிடப்பது, கழற்றத்தக்கது, வேறொன்று போர்த்தத்தக்கது. இரண்டே எழுத்தில் இத்தனையும் அடங்குகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உரிச்சொல் என்பதற்கு ‘பொருளுக்கு உரிமை பூண்டது’ என்று விளக்கம் சொல்வது வழக்கம். பெயரையும் வினையையும் தோல்போல ஒட்டிக்கொண்டு, அவற்றின் பண்பை வெளியே காட்டுவதால் உரிச்சொல் ஆயிற்று என்று நான் நெடுங்காலமாகக் கருதி வருகிறேன். உறு, தவ, நனி என்பவை தாமாக நிற்பதில்லை. ஒன்றன் மேல் படிந்தே நிற்கின்றன. இதைத் தனி மடலாக விரித்து எழுதுகிறேன்.

தொண்டியிலிருந்து

ஐயா, நான் எமனேசுவரத்தில் தறி வீட்டில் பிறந்தவள். ‘இழைநயம்’ வேண்டாம் என்பதில் உங்களோடு நிற்கிறேன். இழை என்றால் எங்களுக்கு நூல். ஊடும் பாவும் சேர்ந்தால்தான் துணி. துணிக்கு இழைநயம் பார்க்கலாம். மணலுக்கும் சுவருக்கும் மனிதத் தோலுக்கும் எந்த இழை? நெய்வதைக் குறித்த இலத்தீன் சொல் ஆங்கிலத்தில் பொருள் விரிந்து போயிருக்கிறது என்பதற்காக நம் இழையும் அதே வழியில் போக வேண்டியதில்லை. வேளாண் நூல்களில் இழையை விட்டுவிட்டு ‘மண் நயம்’ என்று எழுதியவர்கள் சரியாகச் செய்தார்கள்.

ஆனால் ‘உரி’ பிள்ளைகளிடம் நிற்காது. உரித்தல் என்ற வினைதான் அவர்கள் காதில் முதலில் விழும். நாம் செய்வதோ போர்த்துவது. அதோடு உரி என்றால் அரை நாழியும்கூட. முகத்தல் அளவை படித்த ஐயாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கீழக்கரையிலிருந்து

அனைவருக்கும் சலாம். நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். ‘டெக்ஸ்சர்’ என்றே எழுதுங்கள், டீச்சர். அந்தப் பிள்ளை இன்று மாலை வீட்டில் ஓர் ஐயத்தோடு இணையத்தில் தேடினால் எந்தச் சொல்லைத் தட்டச்சு செய்யும்? உரி என்றா? கருவியின் திரையில் டெக்ஸ்சர் என்று இருக்க, கையேட்டில் வேறொன்று இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்கே பாதி வகுப்பு போய்விடும்.

கடன் வாங்கினால் தமிழ் கெட்டுவிடும் என்பதை எங்கள் ஊர்க்காரன் எவனும் ஏற்கமாட்டான். வள்ளல் சீதக்காதி ஆதரித்த உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் தீன், நபி என்ற அரபுச் சொற்களை விருத்தத்துக்குள் வைத்துப் பாடினார். தமிழ் அதனால் பெருகியது. அலமாரியும் சாவியும் மேசையும் போர்த்துகீசியரோடு இறங்கியவை. இன்று அவற்றை எடுத்துவிட்டு வீடு நடத்த முடியுமா?

இராமநாதபுரத்திலிருந்து

கீழக்கரைத் தம்பிக்கு. உமறுப்புலவரை நான் மனப்பாடமாகச் சொல்வேன். அவர் கடன் வாங்கினார். வாங்கியதைத் தமிழ் எழுத்துக்குள் அடக்கினார். ‘வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்’ என்று தொல்காப்பியம் சொல்லும் முறை அதுதான். மேசை அப்படி அடங்கிய சொல். ‘டெக்ஸ்சர்’ அடங்குமா? டகரம் மொழிக்கு முதலில் வராது. ககர ஒற்று தன்னோடு தானே மயங்குமே அல்லாமல் அடுத்து வேறொரு மெய்யைத் தாங்காது. நடுவில் ஒரு கிரந்த எழுத்து வேறு. ஒரே சொல்லில் மூன்று இடர்ப்பாடுகள்.

தொண்டி அம்மா சொன்ன உரித்தலுக்கு விடை: டீச்சர் எழுதிய செய்முறையின் முதல் படி என்ன? விரிப்பிலிருந்து படத்தை வெளியே எடுப்பது. அது உரித்தல் அல்லாமல் வேறென்ன? உரித்து, திருத்தி, போர்த்துகிறோம். சொல் முழுவதும் பொருந்துகிறது.

1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் எழுந்ததற்குப் பாண்டித்துரைத் தேவரும் பாஸ்கர சேதுபதியும் தோள் கொடுத்தார்கள். அந்தச் சேதுநாட்டில் இருந்துகொண்டு ஒரு சொல்லுக்காகக் கையேந்த வேண்டாம் என்பதே என் வருத்தம்.

பாம்பனிலிருந்து

ஐயா, அக்கா, காக்கா எல்லோருக்கும் வணக்கம். நான் இந்த விளையாட்டுக்குப் பொருள்கள் செய்து வருகிறேன். நீங்கள் முதல் சொல்லிலேயே நிற்கிறீர்கள். பிள்ளைகள் இடறப்போவது கடைசிச் சொல்லில். ‘வகை’ என்று போட்டால் பாய் வகை, சுவர் வகை, துணி வகை என்று படித்துவிடுவார்கள். இங்கே டைப் என்பது படத்தில் என்ன தெரிகிறது என்பதைச் சொல்வதில்லை. படம் எந்த முறையில் சுருக்கி அடைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஒரே மீனை ஐஸ் பெட்டியிலும் அடுக்கலாம், கருவாடாக்கிச் சிப்பமும் கட்டலாம். மீன் ஒன்றுதான், கட்டியிருக்கும் முறைதான் வேறு.

டி.எஸ்.டி.யில் படம் நான்குக்கு நான்கு புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. சுருக்காமல் வைத்தால் ஒரு கட்டத்துக்கு 64 பைட் ஆகும், டி.எக்ஸ்.டி.5 என்ற சுருக்க முறையில் 16 பைட்டில் முடிகிறது. பிறகு அந்தக் கட்டங்களின் உறுப்புகள் இன்னும் நன்றாகச் சுருங்கும்படி இடம் மாற்றி அடுக்கப்படுகின்றன. மேசை, நாற்காலி, விரிப்பு போன்ற வீட்டுப் பொருள்களின் படங்கள் இதில் வரும். உடைகளுக்கு ஆர்.எல்.இ.2. ஒரு சட்டையின் படத்தில் பெரும்பகுதி வெறுமை, ஏனென்றால் முழு உடலுக்கான பரப்பில் சட்டைக்குரிய இடம் கொஞ்சம்தான். அந்த வெறுமையைக் கட்டம் கட்டமாக எழுதாமல், ‘இத்தனை கட்டம் காலி’ என்று ஒரே குறிப்பில் முடித்துவிடுகிறது. ஆர்.எல்.இ.எஸ். மினுக்கத்தைக் காட்டும் படத்துக்கு. எல்.ஆர்.எல்.இ. பின்னால் வந்தது, கட்டங்களை விட்டுவிட்டு நிறங்களையே தொடராக எழுதும்.

எண் ஒரு டைப்பைச் சொல்லி, உள்ளே இருப்பது வேறாக இருந்தால் விளையாட்டு படத்தை ஒழுங்காகக் காட்டாது. போன வாரம் நூலகத்தில் ஒரு சட்டை முழுக்கக் கறுப்பாக வந்ததே, அதன் காரணம் இதுதான். 2009இல் வந்த மூன்றாம் சிம்ஸிலும் 2014இல் வந்த நான்காம் சிம்ஸிலும் படங்களுக்கான டைப் எண்களில் ஒன்று பொதுவானது. எண் ஒன்றென்று நம்பிப் பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அடைப்பு முறை மாறியிருக்கிறது.

என் முன்மொழிவு: டைப்புக்குக் ‘கட்டுவகை’. ரிசோர்ஸுக்கு ‘உருப்படி’. அவற்றைத் தாங்கும் கோப்புக்குச் ‘சிப்பம்’. முதல் சொல்லுக்கு ‘மேற்படம்’ போதும்.

கீழக்கரையிலிருந்து

கட்டுவகை அருமை, தம்பி. இதை ஏற்கிறேன். கருவாட்டுக் கொட்டகை அறிந்த பிள்ளைக்குச் சிப்பத்தை விளக்கவே வேண்டாம். லினக்ஸ் தமிழாக்கத்தில் ‘பொதி’ என்கிறார்கள், அதுவும் நன்று. ஆனால் மேற்படத்துக்குப் பதில் டெக்ஸ்சர் என்பதே என் வாக்கு.

தொண்டியிலிருந்து

‘மேற்படம்’ கையேட்டில் கூடாது. ‘மேற்படத்தில் காண்க’ என்று எழுதினால் மேலே அச்சிட்ட படத்தையா, விரிப்பின் படத்தையா? பொருளின் பரப்பில் படிவதால் ‘பரப்புப்படம்’ என்று வைக்கலாமே.

தங்கச்சிமடத்திலிருந்து

வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் ஒரே குரலில் ‘தோல்’ என்றார்கள். வேறு விளையாட்டுகளில் ‘ஸ்கின்’ என்று பழகிய சொல்லை அவர்களே தமிழாக்கிவிட்டார்கள். எனக்கும் பிடித்திருந்தது.

பாம்பனிலிருந்து

டீச்சர், தோல் வேண்டாம். இந்த விளையாட்டில் மனிதர்களின் தோல்நிறத்துக்கே தனி உருப்படி இருக்கிறது. ‘தோலின் தோல்’ என்று எழுத வேண்டி வரும்.

இராமநாதபுரத்திலிருந்து

பிள்ளைகள் தோல் என்றது எனக்குப் பெருமகிழ்ச்சி. தொல்காப்பியம் செய்யுளுக்குச் சொல்லும் எட்டு வனப்புகளில் தோலும் ஒன்று. அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு. இழைபும் அங்கேயே இருக்கிறது! செய்யுளின் மேனியில் தெரியும் நயத்தை நம்முடையவர்கள் தோலாகவும் இழைபாகவும் பார்த்திருக்கிறார்கள். தோல் வேண்டாமென்றால் இழைபைக் கொள்ளலாம். வல்லொற்று அடர்ந்து வராத ஒழுகிய நடை அது. வழுவழுப்பான பரப்புக்கு இழைபு, சொரசொரப்பானதற்கு வேறு பெயர் என்று பிரித்து...

தொண்டியிலிருந்து

ஐயா, இழையை விட்டு வெளியே வந்து மறுபடி இழைபுக்குள் போகிறோம். டீச்சருக்கு நாளை காலைவரைதான் நேரம்.

தங்கச்சிமடத்திலிருந்து

எல்லோருக்கும் நன்றி. கையேட்டில் ‘பரப்புப்படம்’ என்று போட்டுவிட்டேன். முதல் பக்கத்தில் ஒருமுறை, ‘கருவியின் திரையில் இது டெக்ஸ்சர் என்று இருக்கும்’ என்ற வரியும் சேர்த்திருக்கிறேன். தலைப்பு: ‘பரப்புப்பட உருப்படிகளின் கட்டுவகைகள்’. கட்டுவகைப் பெயர்கள் எழுத்துப் பெயர்களாகவே இருக்கும்.

ஒன்று மிச்சம். பொருளின் நிழலைக் காட்டும் ஷேடோ மேப்பை ‘நிழற்படம்’ என்று எழுதினால் புகைப்படம் ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பாம்பனிலிருந்து

‘நிழலடுக்கு’?

இராமநாதபுரத்திலிருந்து

ஜிம்ப்பின் லேயருக்குத்தானே கையேட்டில் ‘அடுக்கு’ என்று கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் மோதும். ‘நிழலுரி’ என்றால் மோதாது. பெரும்பான்மை பரப்புப்படத்தின் பக்கம் இருப்பதை அறிவேன். அதற்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. பரப்பு என்பது பொருளுக்கே உரியது, அதைக் கழற்ற முடியாது. கழற்ற முடிவதுதான் இங்கே முதன்மை. அடுத்த பதிப்பின்போது உரியை மறுபடி முன்வைப்பேன்.

தங்கச்சிமடத்திலிருந்து

ஐயா, அவசியம் முன்வையுங்கள். நிழலுக்கு மட்டும் ‘நிழல் பரப்புப்படம்’ என்று நீட்டியே எழுதிவிட்டேன். நகலகம் திறந்துவிட்டது.

கீழக்கரையிலிருந்து

நீளம்தான், ஆனாலும் புரிகிறது. அந்த டெக்ஸ்சர் வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.