'பார்த்தேர்': தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புடையீர்,
ஆந்திரே லெ நோத்ர் (1613–1700) பற்றிய கட்டுரையை வெள்ளிக்குள் பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்கு வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தை வகுத்தவர். 'பார்த்தேர்' (parterre) என்ற பிரெஞ்சுத் தோட்டச் சொல்லில் மாட்டிக்கொண்டேன். மாடியிலிருந்து பார்ப்பதற்கென்றே, 'பாக்ஸ்' என்ற புதர்ச்செடியைத் தரையோடு கத்தரித்துக் கொடிச்சுருளாக வளைத்து, இடைவெளியில் செங்கல் பொடியோ நிறமணலோ பரப்பியிருப்பார்கள். 'மலர்ப்பாத்தி' என்றால் மலர் எங்கே என்கிறார்கள். ஒலிபெயர்த்தாலோ, மெய்ப்புப் பார்ப்பவர் 'பார்த்தேன்' என்று திருத்திவிடுகிறார்!

*

'பாத்தி' போதும் ஐயா. பகு, பாத்து, பாத்தி. வள்ளுவரின் 'பாத்தூண்' இந்த வேர்தான். அரசத் தோட்டம் முழுவதற்கும் 'இலவந்திகை' இருக்கிறது. இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய பாண்டியன் நன்மாறனை மறந்துவிட்டோமா? வாவியைச் சூழ்ந்த காவற்சோலை என்பது உரை. வெர்சாய்க்கு வாவியும் உண்டு, காவலும் உண்டு.

*

இலவந்திகை என்று எழுதினால் எட்டாம் வகுப்புப் பிள்ளை பாண்டியனைத் தேடிப் போய்விடும். லெ நோத்ர் இளமையில் சிமோன் வூவே என்ற ஓவியரிடம் பயின்றவர். செடியைக் கோடாகவே பார்த்தவர். 'கோலப்பாத்தி' என்பேன்.

*

கோலம் மறுநாள் அழியும். இது நிலைத்தது. ஒப்பாது.

*

நிலைத்ததா? வெர்சாய்க்கு முன் லெ நோத்ர் தோட்டம் வகுத்த வோ-லெ-விகோந்த் மாளிகையில் இன்று நாம் காணும் பாத்திகள் 1920-களில் தோட்டக் கலைஞர் அஷில் தூஷேன் மீண்டும் அமைத்தவை. அந்த மாளிகையே நிலைக்காததற்குச் சாட்சி: 1661 ஆகஸ்ட் 17 அன்று நிதியமைச்சர் ஃபூக்கே அங்கே மன்னருக்கு விருந்து வைத்தார், மூன்று வாரம்கூட ஆகவில்லை, கைதானார். மன்னர் லெ நோத்ரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இன்னொன்று. அங்கே மாளிகைப் படியில் நின்றால் குறுக்கே ஓடும் பெரிய கால்வாய் கண்ணில் படாது. நடந்து விளிம்புக்கு வந்ததும் காலடியில் நீர்! நம் சித்திரகவியில் ஒரு பாட்டுக்குள் மறுபாட்டை ஒளிப்பார்களே, கரந்துறைப்பாட்டு, அது போல. 'கரந்துறை கால்வாய்' என்று இப்போதே பதிந்து வைக்கிறேன்.

*

கால்வாயை யாரும் கேட்கவில்லை ஐயா!

*

வெள்ளி வந்துவிட்டது. நால்வர் சம்மதித்த 'கோலப்பாத்தி'யைப் போட்டு அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

*

என் மறுப்பையும் பதிவு செய்யுங்கள். வரப்புக்கட்டி நீர் நிறுத்துவதுதான் பாத்தி. செங்கல் பொடி தூவிய தரையை எந்த உழவரும் பாத்தி என்று சொல்லமாட்டார். திங்களன்று விரிவாக எழுதுகிறேன்.