ரிக்வுட் மைதானத்தில் நான் எழுந்து நிற்கவில்லை

பர்மிங்காம்வாசி:
2024 ஜூன் 20, அமெரிக்காவின் அலபாமாவில் எங்கள் பர்மிங்காம், ரிக்வுட் மைதானத்தில் பேஸ்பால் ஆட்டம். பேஸ்பால் நட்சத்திரம் வில்லி மேஸ் இறந்து இரண்டே நாள், எங்கும் அவர் பேச்சுதான். ஆட்டத்துக்கு முன் மரியாதைக்காக முதல் பந்து வீச பழைய வீரர் பில் கிரீசனை அழைத்தபோது நான் போனில் மேஸ் படம் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கறுப்பினப் பெரியவர். கைத்தடியை என் முழங்காலில் சாய்த்துவிட்டு, முன் இருக்கையைப் பிடித்து எழுந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார், விரல்கள் நடுங்கின. நான் தடியைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன். கிரீசனுக்கு அப்போது 99 வயது. கறுப்பினத்தவரைத் தனியாக மான்ட்ஃபோர்ட் பாயின்ட் முகாமில் பயிற்றுவித்த காலத்து மரைன் படை வீரர், இரண்டாம் உலகப் போரில் ஐவோ ஜிமா சண்டைக்குப் போனவர், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் முதல் கறுப்பின வீரர், பிறகு பாஸ்டர். எல்லாம் வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

கார்டினல்ஸ் ரசிகன்:
முதல் வீரர் டாம் ஆல்ஸ்டன், 1954 ஏப்ரல். கிரீசன் மே கடைசியில் வந்த முதல் கறுப்பினப் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். செயின்ட் லூயிஸில் முடிவெட்டும் கடையில் அவர் பெயரைச் சொன்னேன். நாற்காலியில் இருந்த முதியவர் பேசாமல் மூன்று விரலைக் காட்டினார். மூன்றே ஆட்டம்தான் கொடுத்தார்கள்!

அப்புறம், பிள்ளைகளுக்குச் சொல்லும்போது மேஸில் தொடங்காதீர்கள். கறுப்பினத்தவர் தனி லீக்குகளில் ஆடிய காலத்தின் இறுதித் தொடர், 1948 நீக்ரோ உலகத் தொடரில் தொடங்குங்கள். ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியிடம் பர்மிங்காமின் பிளாக் பேரன்ஸ் அணி ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். அதில் வென்ற பிட்சர் கிரீசன். ஒன்பதாவது இன்னிங்ஸில் வெற்றி ரன்னைக் கொண்டுவந்தது 17 வயது மேஸின் அடி. இருவரையும் சேர்த்தே சொல்லுங்கள். பர்மிங்காம் போனால் நீக்ரோ சதர்ன் லீக் மியூசியத்துக்கும் கூட்டிப்போங்கள், அவசரப்படாமல் பாருங்கள்.

ஹூவர் அம்மா:
மூன்று ஆட்டத்தை வைத்தா அவரை அளப்பது? 1963இல் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்களே, அந்த 16ஆம் தெரு பாப்டிஸ்ட் சர்ச்சில் உறுப்பினராக இருந்தவர். 1971இல் பர்மிங்காமின் பெர்னி பாயின்ட்ஸ் பகுதியில் பெத்தேல் பாப்டிஸ்ட் சபையின் பாஸ்டர் ஆனவர். என்னோடு வேலை செய்யும் நர்ஸ் அக்கா டிவியில் அந்த முதல் பந்தைப் பார்த்து "எங்க ரெவரண்ட்" என்றார். பேஸ்பால் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார், அவ்வளவுதான்.

பர்மிங்காம்வாசி:
சரி, 'முதல் பிட்சர்' என்று திருத்திப் படியுங்கள். ஆட்டம் முடிந்ததும் தடியைக் கொடுத்தேன். அந்தப் பெரியவர் கிரீசன் பந்து வீசியதைப் பார்த்தவரா, அவர் பிரசங்கத்தைக் கேட்டவரா என்று கேட்கவே இல்லை.