ஒரே பத்தியையே திருத்திக்கொண்டிருக்கிறேன், கதை நகர மாட்டேன் என்கிறது

புதுப்பேனா:
தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன். முதல் பத்தியைத் திருத்துவதிலேயே அது போய்விடுகிறது. எழுதும்போதே திருத்தலாமா, முடித்த பிறகா? திருத்தும்போது எதைப் பார்ப்பது?

மைக்கூடு:
இரண்டையும் ஒரே அமர்வில் செய்யாதீர்கள். எழுதும்போது அடுத்து என்ன என்று தேட வேண்டும், திருத்தும்போது இருப்பதைச் சந்தேகப்பட வேண்டும். சேர்த்துச் செய்தால் சந்தேகம்தான் ஜெயிக்கும். 25 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, இணையத்தை அணைத்துவிடுங்கள். அதுவரை மேலே போய் எதையும் தொடக் கூடாது. ஏதாவது பெயரோ தகவலோ தெரியவில்லையா? அங்கே * போட்டுவிட்டு நகருங்கள். பிறகு அந்தக் குறியைத் தேடினால் விட்ட இடமெல்லாம் வரிசையாகக் கிடைக்கும். எழுந்திருக்கும்போது அடுத்து வரவேண்டியதை ஒரு வரியில் குறித்து வையுங்கள், மறுநாள் அதிலிருந்து தொடங்கலாம்.

ஒற்றன்:
முடித்த சிறுகதையை ஒரு வாரமாவது தொடாமல் வைத்துவிட்டு, மூன்று சுற்றாகத் திருத்துங்கள்.

முதலில் காட்சிகள் மட்டும். எதை எடுத்துவிட்டாலும் கதை நிற்கிறதோ, அது போகட்டும். இந்தச் சுற்றிலேயே பலர் பிழை பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். வெட்டப்போகிற பத்திக்குச் சந்தி பார்த்து என்ன பயன்?

அடுத்து வாக்கியம். வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் கோடு போடுங்கள், படிக்கும்போதே திருத்த வேண்டாம். "அவளுக்குக் கடுங்கோபம். கழுவாத தட்டை அப்படியே அலமாரியில் வைத்தாள்." இதில் முதல் வாக்கியத்தை அடித்துவிடலாம், தட்டே சொல்லிவிடுகிறது. 'பார்த்துக்கொண்டிருந்தான்' என்பது நடுவில் வேறொன்று குறுக்கிடும்போதுதான் தேவை. மற்ற இடங்களில் 'பார்த்தான்' போதும். புதிதாக எழுதுகிறவர்களிடம் இந்தக் 'கொண்டிருந்தான்' பக்கத்துக்குப் பத்து இருக்கும்!

கடைசியில்தான் ஒற்று. ஐ, கு உருபுகளுக்குப் பின் (கதவைத் திற, அவனுக்குக் கொடு), இகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குப் பின் (எழுதிப் பார்) வல்லினம் மிகும். 'படித்த கதை' போன்ற பெயரெச்சத்தில் மிகாது. இவற்றைச் சரிபார்த்தாலே பெரும்பாலான ஒற்றுப்பிழை போய்விடும்.

புதுப்பேனா:
நன்றி. நாளுக்கு இத்தனை சொல் என்று இலக்கு வைக்கலாமா?

மைக்கூடு:
வைக்கலாம், சின்னதாக. 200 சொல் போதும். 1,000 என்று வைத்தால் இரண்டு நாள் தவறியதுமே பாக்கி மலைபோல ஏறி, மொத்தமாக விட்டுவிடத் தோன்றும். தவறிய நாளுக்கு மறுநாள் ஈடுகட்டவும் வேண்டாம். திருத்துகிற நாட்களில் சொல்லை எண்ணாமல் பக்கத்தை எண்ணுங்கள், சொல் குறையத்தான் செய்யும்.