எக்ஸ்ரே இருக்கும்போது தொண்டை வழியா ஸ்கேன் எதுக்கு?

சுங்கைசிப்புட்_அம்மா:
மகளுக்கு 9 வயசு. இதயத்துல ரெண்டு மேலறைக்கும் நடுச்சுவர்ல 14 மில்லிமீட்டர் ஓட்டை. நெஞ்சைத் திறக்க வேண்டாம், தொடை ரத்தக்குழாய் வழியா குழாய் விட்டு, குடை மாதிரி ஒண்ணு வச்சு அடைச்சிடலாம்னு கோலாலம்பூர்ல சொல்லிட்டாங்க. சந்தோஷம்தான். ஆனா மயக்கம் கொடுத்து, தொண்டைக்குள்ள வேற ஸ்கேன் குழாய் விடுவாங்களாம். எக்ஸ்ரே மிஷின் பக்கத்துலயே இருக்குமே? நெஞ்சுல ஜெல் தடவி ரெண்டு தடவை பார்த்தாச்சே? பால்மரம் வெட்டி எங்களை வளர்த்த மாமியார், "புள்ள தொண்டையில எதையும் விடாதே"ன்னு மூணு நாளா ஒரே பாட்டு.

பாய்லர்_மாமா:
தங்கச்சி, நான் செம்பனை ஆலையில 27 வருஷம் பாய்லர் பார்த்தவன். என் மவளுக்கும் இதே குடைதான், 11 வயசுல. நானும் இதையேதான் கேட்டேன். எக்ஸ்ரேயில குடையைத் தள்ளுற கம்பி தெரியும், குடை தெரியும், ரெண்டும் உலோகம். ஓட்டை தெரியாது. சதையும் ரத்தமும் அதுல ஒரே நிழலாத்தான் விழும். குடை கவ்விப் பிடிக்க ஓட்டையைச் சுத்திப் பொதுவா 5 மில்லிமீட்டர் விளிம்பாவது பார்ப்பாங்க. அதைக் காட்டுறது அல்ட்ராசவுண்ட்தான்; நெஞ்சுல ஜெல் தடவிப் பார்த்ததும், தொண்டை வழியா விடுறதும் அதுதான். உணவுக்குழாய் இடது மேலறைக்கு நேர் பின்னால ஒட்டிக்கிட்டுப் போகுது. நடுவுல விலா எலும்பும் இல்ல, காத்து நிறைஞ்ச நுரையீரலும் இல்ல, அதான் அங்கிருந்து படம் தெளிவு. குடைக்கு ரெண்டு தட்டு, சுவருக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு: முதல்ல இடப்பக்கத் தட்டை விரிச்சு, சுவரோட இழுத்து அணைச்சு, அப்புறம் வலப்பக்கத் தட்டு. கம்பியைக் கழற்றுறதுக்கு முன்னால குடையை லேசா ஆட்டிப் பார்ப்பாங்க: ஓரத்துல ரத்தம் கசியுதா, பக்கத்து வால்வுல இடிக்குதா? சரியில்லன்னா குழாய்க்குள்ளயே திரும்ப இழுத்துக்கலாம். கழற்றிட்டா அவ்வளவு லேசில்ல.

எங்க ஆலையில வெல்டிங் விரிசல் தேட ஒருத்தர் பெட்டியோட வருவார், அதுவும் அல்ட்ராசவுண்ட்தான். 1953-ல சுவீடன்ல எட்லர், ஹெர்ட்ஸ்னு ரெண்டு பேர் இதயத் துடிப்பைப் பதிவு பண்ணினதும் உலோக விரிசல் தேடுற கருவியை வச்சுத்தான். இதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்துச்சு.

எக்கோ_அக்கா:
ரத்தக்குழாய் வழியாவே இதயத்துக்குள்ள போற ஸ்கேன் குழாயும் இருக்கும்மா. அதுல பெரியவங்களுக்கு முழு மயக்கம் இல்லாமலே செய்ய முடியும். ஆனா அதுவே ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமன், சின்னப் பிள்ளைகளோட ரத்தக்குழாய்க்குப் பெருசு. தொண்டை ஒரு நாள் கரகரன்னு இருக்கலாம். முக்கியமா, ஆடுற பால்பல் இருந்தா மயக்க டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

சுங்கைசிப்புட்_அம்மா:
ரெண்டு பல் ஆடுதுக்கா! நாளைக்கே போன் பண்றேன். அண்ணே, உங்க கதையை மாமியார்கிட்ட சொன்னேன். "பாய்லருக்கு ஏது தொண்டை"ங்கிறாங்க.